பன்னிரண்டாம் பாகம் டெல்லியில் இருக்கிறது

கரோல் பாக், டெல்லி
14.7.2024

மாப்பிள்ளை கதிரவனுக்கு,

ராஜசேகரன் எழுதுவது. இங்கே உன் அக்கா இந்திராணி, மகள் கனிமொழி, நான், மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் சொல்கிறது. சிவகாசியில் உன் பிரஸ், உன் வீடு, உன் சர்க்கரை மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழிக்கப் போயிருப்பாய். பொறு. கனிமொழி சடங்கன்று கூடத்து வாசலில் நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசமாட்டேன், அத்தான்." பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஒரு வியாபாரிக்கு இது அவமானம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வாடகை நூலகத்தை மூடினார்கள். எடைக்கு மொத்தமாக வாங்கினேன். அதில் ஒரு ஜப்பான் படக்கதை, இங்கிலீஷில், பன்னிரண்டு பாகம். விலை போடுவதற்காகப் புரட்டினேன். புரட்டியவன் எழுந்திருக்கவில்லை; பேப்பர் கடை வாசலில் நின்ற வாடிக்கை ஆள் நோட்டு வாங்காமலே போய்விட்டான். கென்ஜிரோ என்று ஒரு சாமுராய். விருந்தில் முதல் இருக்கையில் யார் உட்காருவது என்ற தகராறில் அவன் அப்பாவை மகோபெய் என்கிறவன் வெட்டிவிட்டு ஓடிவிடுகிறான். பழி வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று கென்ஜிரோ கிளம்புகிறான். முதல் பாகம் அனுப்பியிருக்கிறேன். அச்சுத்தொழில் தெரிந்தவன் நீ. இதைத் தமிழில் போட்டால் போகுமா, சொல்.

இன்னொன்று. கனிமொழிக்கு வரன் முடிந்துவிட்டது. தை இருபது, அடுத்த பிப்ரவரி இரண்டாம் தேதி, டெல்லியிலேயே கல்யாணம். "மாமா வந்து மாலை போடாம நான் மேடை ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சும்மா சொல்கிற பெண் இல்லை என்று உனக்குத் தெரியும். இதற்கு நீ பதில் எழுதாதே. எழுதினால் 'முடியாது' என்று எழுதுவாய், அப்புறம் அது தாளில் நின்றுவிடும். முடியாது என்று சொல்ல வாடிக்கைக்காரருக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது நான் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் சைக்கிளில் காலண்டர் விற்ற காலத்தில் கற்ற பாடம். புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுது.

அன்புடன்,
ராஜசேகரன்


சிவகாசி
9.8.2024

திரு. ராஜசேகரன் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். சர்க்கரையை விசாரித்ததற்கு நன்றி. அது நூற்று நாற்பதில் நிற்கிறது.

புத்தகம் கிடைத்தது. பைண்டிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி அனுப்ப இருந்தேன். ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகத்தான் படிப்பார்கள் என்று எங்கள் புரூஃப் ரீடர் சந்திரசேகர் சொன்னார். அதற்குள் முக்கால் புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் படித்திருந்தேன். கிழவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார், பிறகு எழுந்து உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தாள் சுமார். கறுப்பு மை அருமை. கென்ஜிரோ ஊரைவிட்டுப் போகும் பக்கத்தில் மழையை வெறும் கோட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நாலு கலர் மிஷின் வைத்திருக்கிற நான் வெட்கப்பட்டேன்.

இரண்டாம் பாகம் இருந்தால் அனுப்பவும். தாளின் தரத்தை ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
கதிரவன்


கரோல் பாக்
25.8.2024

மாப்பிள்ளைக்கு,

தாளின் தரத்தை ஒப்பிட இரண்டும் மூன்றும் அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் ஒரு சுற்று காய்ச்சல் வந்து போய்விட்டது. நூற்று நாற்பது பரவாயில்லை, ஆனால் பிரஸ் பக்கத்து டீக்கடையில் நீ குடிக்கிற டீ எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

எனக்கு இந்தக் கென்ஜிரோவைப் பிடிக்கவில்லை. நல்ல வாலிபன், கைத்தொழில் தெரிந்தவன், பன்னிரண்டு வருடம் ஊர் ஊராக ஒருத்தனைத் தேடி அலைகிறான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு கடை போட்டிருந்தால் மகோபெய் தானாகவே ஒருநாள் சாமான் வாங்க வந்திருப்பான். உலகத்தில் எல்லோரும் என்றைக்காவது நோட்டு, பென்சில் வாங்க வந்துதான் ஆக வேண்டும்.

சரி, சடங்கன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்கிறேன். நீ ஆக்ராவிலிருந்து போன் பண்ணினாய், பனியில் ரயில் ஊர்கிறது என்று. "நீ வா மாப்ளே, காத்திருக்கேன்" என்றேன். மனசோடுதான் சொன்னேன். ஆனால் வாடகைக் கூடம், நமக்கு ஒரு மணி வரைதான். பன்னிரண்டரைக்கே அடுத்த பார்ட்டி, பஞ்சாபி நிச்சயதார்த்தம், பேண்டு வாத்தியத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டது. காவலாளி என் காதருகே நின்று, "ஜல்தி கரோ, பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி உயிரை எடுத்தான். கோல் மார்க்கெட் விஸ்வநாதன் பக்கத்தில் நின்றார். அவரும் நம்ம ஊர்ப்பக்கம்தான், மரியாதையான அரசு அதிகாரி. உன் இடத்தில், "நீங்க மாலையைப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். பின்வாசல் பந்தலில் பந்தியும் போட்டுவிட்டேன்.

எங்கே தப்பு என்று இன்றுவரை யோசிக்கிறேன். கூடத்தை இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ராஜசேகரன்


சிவகாசி
20.9.2024

அத்தானுக்கு,

இங்கு சுகம். அக்காவின் காய்ச்சல் சரியாகியிருக்கும். டீயை இரண்டாகக் குறைத்துவிட்டேன்.

கென்ஜிரோவைப் பற்றி நீங்கள் எழுதியது சரியில்லை. அவன் தனக்காக அலையவில்லை. சந்திரசேகர் தேடிப் படித்துச் சொன்னார்: அந்தக் காலத்து ஜப்பானில் பழி வாங்க நிஜமாகவே சட்டம் இருந்ததாம். இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மேலிடத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிப் பதிவு பண்ண வேண்டும். அப்பாவுக்காக, அண்ணனுக்காக, இப்படி மூத்தவர்களுக்காக இளையவன்தான் வாங்கலாம். மூத்தவன் இளையவனுக்காக வாங்கக் கூடாது. ஒரு தடவை வாங்கிவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது. எதிராளி வீட்டார் பதிலுக்குப் பதில் என்று கிளம்பக் கூடாது. நம் ஊர்ப் பங்காளிச் சண்டைக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் கோர்ட்டுகள் காலியாகியிருக்கும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். நீங்கள் உங்கள் பக்கத்தை எழுதியதால் எழுதுகிறேன். ஒன்றே முக்காலுக்கு வந்தேன். இரண்டு நாள் ரயில், கையில் சீர்த்தட்டு. முன்வாசலில் பேண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. பின்வாசலில் பந்தி நடக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாற்பது நிமிடம் பனியில் நின்றேன். என்னைக் கேட்டரிங் ஆள் என்று நினைத்து, "பையா, இதர் லாவ்", இங்கே கொண்டு வா என்று கூப்பிட்டு ஒருவர் தட்டிலிருந்து லட்டு எடுத்துத் தின்றார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர். அப்புறம்தான் நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.

கூடம் அல்ல தப்பு. 'காத்திருக்கேன்' என்று சொன்னீர்கள். அதுதான்.

நாலாம் பாகத்திலிருந்து இருப்பதை எல்லாம் மொத்தமாக அனுப்புங்கள். மூன்றாம் பாகத்தைச் சத்திரக்காரி கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பிரஸ்ஸில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

கதிரவன்


கரோல் பாக்
12.10.2024

தம்பி கதிரவா,

நல்லா இருக்கியா? போனில் வாராவாரம் பேசுகிறோம், பிறகு எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசும்போதெல்லாம் இவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தலைவலித் தைலத்தைத் தேடுவதுபோல் பாசாங்கு பண்ணுகிறார். அதனால்தான்.

வீடு சாமுராய் வீடாகிவிட்டது. உன் அத்தான் கடையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தையே மறுபடி மறுபடி படிக்கிறார். நேற்று தோசை கேட்டு உட்கார்ந்தவரிடம், "சட்னி அரைக்கலை, கொஞ்சம் பொறுங்க" என்றேன். "பொறுக்கிறேன். நான் இப்போ பொறுக்கிறதுக்குப் பழகிட்டு இருக்கேன்" என்கிறார். உன் கடைசிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். லட்டு எடுத்துத் தின்ற இடத்தை மட்டும் எடுத்து எடுத்துப் படிக்கிறார்.

நான் கல்யாணத்துக்கு வா என்று கேட்கப் போவதில்லை. கேட்காமலே உனக்குத் தெரியும். வேறு ஒன்று கேட்கிறேன். அப்பா இறந்த அந்தப் பங்குனியிலிருந்து பார்க்கிறேன், அவருடைய கடைசி நாளைப் பற்றி எப்போது கேட்டாலும், "நீ சாப்ட்டியாக்கா?" என்று பேச்சை மாற்றுகிறாய். நானும் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி என்னத்தை மறைக்கிறாய்? போனில் சொல்ல வராவிட்டால் எழுது. தீபாவளி வேலையில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா
இந்திராணி


சிவகாசி
3.11.2024

அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. வீட்டில் எல்லோரும் சுகம். மூன்று நாளாகத் தூக்கம் சரியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சடங்குக்குக் கிளம்பும்போது அப்பா படுக்கையில் இருந்தார். இரண்டு நாள் ரயிலில் பூ வாடிவிடும் என்று அவர்தான் போடியிலிருந்து ஏலக்காய் வரவழைத்து மாலையாகக் கட்டச் சொன்னார். ஒவ்வொரு காயையும் தடவிப் பார்த்து, வெடித்ததை எல்லாம் எடுத்துப் போட்டார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்: "பேத்திக்கு மாலையைப் போட்டியாப்பா?" "போட்டேம்ப்பா" என்றேன். "அளவு சரியா இருந்துச்சா?" என்றார். "இடுப்பு வரைக்கும் வந்துச்சுப்பா" என்றேன். தினமும் கேட்டார், அக்கா. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் பொய்யைச் சேர்த்துச் சொன்னேன், பாப்பா சிரித்தாள், எல்லோரும் வாசம் பிடித்தார்கள் என்று. அந்தச் சந்தோஷத்தோடேயே போய்விட்டார்.

எனக்கு மட்டும் நடந்தது என்றால் பத்து வருடம் முன்னாலேயே விட்டிருப்பேன். அப்பாவுக்கு நான் சொன்ன பொய்யைத்தான் விட முடியவில்லை. மாலை எங்கே என்று கேட்காதே.

இப்போது நம் வீட்டுக்கு மூத்தவள் நீ. அந்தப் புத்தகத்துச் சட்டப்படி உன்னிடம் அனுமதி கேட்கிறேன். எப்படிப் பழி வாங்கப் போகிறேன் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டு, ஒரு முத்திரையும் வைத்து அனுப்பு. அப்பா விஷயத்தை அத்தானிடம் நீ சொல்லலாம். அந்தத் தாளை மட்டும் காட்டாதே.

தம்பி
கதிரவன்


கரோல் பாக்
24.11.2024

மாப்பிள்ளைக்கு,

இங்கே புகை மூட்டம் தொடங்கிவிட்டது, ஆளுக்கொரு இருமல், மற்றபடி சௌக்கியம்.

இந்திராணி அப்பா விஷயத்தைச் சொன்னாள். மாமனார் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது நான் காலண்டர் மூட்டை தூக்குகிறவன். "மூட்டை தூக்குறவன் பொண்டாட்டியைப் பட்டினி போடமாட்டான்" என்று சொல்லிப் பெண் கொடுத்தவர். அவருடைய மாலையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். 'கூடத்தை இரண்டு மணி நேரம் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்' என்று ஆகஸ்டில் உனக்கு எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. தப்பு என்னுடையது. காத்திருக்கிறேன் என்று சொன்னவன் காத்திருக்க வேண்டும். பேண்டு வாசித்தாலும் காவலாளி கத்தினாலும் நடுத்தெருவில் பெண்ணை உட்கார வைத்தாவது காத்திருந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

இப்போது வியாபாரம். நாலிலிருந்து பதினொன்று வரை அனுப்பியிருக்கிறேன். பதினொன்றாம் பாகம் முடியும்போது கென்ஜிரோ, கிழவனாகிப்போன மகோபெயின் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறான், கதவில் கை வைக்கிறான். பன்னிரண்டாம் பாகம் இங்கே என் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. தபாலில் அனுப்புவதாக இல்லை. வேண்டும் என்பவர்கள் நேரில் வந்து படித்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகை வாசகம் இத்துடன். உன் பிரஸ்ஸில்தான் அடிக்க வேண்டும், நானூறு. அதே கூடம்தான், வேண்டுமென்றேதான் எடுத்தேன். இந்தத் தடவை இரண்டு முழு நாள். ரயில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

உன் அக்கா பதினைந்து நாளாகத் தானாகச் சிரித்துக்கொள்கிறாள். கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

ராஜசேகரன்


சிவகாசி
15.12.2024

அத்தானுக்கு,

சுகம். பத்திரிகை நானூறு பார்சலில் வருகிறது. தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். மற்றவை நீங்கள் கொடுத்தபடி.

பதினொன்றாம் பாகம் படித்தேன். சந்திரசேகரும் படித்தார்.

கதிரவன்


கரோல் பாக்
5.1.2025

டியர் மாமா,

எப்படி இருக்கீங்க? அத்தை எப்படி இருக்காங்க? நான் கனிமொழி. எனக்குத் தமிழ் பேச நல்லா வரும், எழுத இப்படித்தான் வரும். தப்பு இருந்தா திருத்தாதீங்க, சிரிங்க.

மாமா, கார்டு பார்சல் வந்துச்சு. அப்பா திறந்து பார்த்தார். உங்க பேர் இடத்துல ஒண்ணுமே இல்ல. அப்படியே நாற்காலில உட்கார்ந்துட்டார். அப்புறம் பெட்டியை மோந்து பார்த்து, "என்ன இது, லேசா ஏலக்காய் வாசம் அடிக்குது, பாயச டப்பா மேலயா வெச்சுக் கட்டினான்?"னு கேட்டார். அம்மா கிச்சனுக்குப் போயிட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு எனக்குத் தெரியல, ரெண்டும் ஒரே சத்தம்தான் வந்துச்சு.

விஸ்வநாதன் அங்கிள் கார்டைப் பார்த்துட்டு, "காலியா இருக்கே, வேணும்னா நானே மறுபடியும் மாலை போடட்டுமா?"ன்னு கேட்டார். அப்பா அவருக்குக் காபி கொடுக்கல.

அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். நானூறு கார்டுலயும் அந்த இடத்துல கையால எழுதினேன். 'என் மாமா கதிரவன்'. நாலு நாள் ஆச்சு. முதல் ஐம்பது கார்டுல எழுத்து கோணலா இருக்கும், அதெல்லாம் அப்பாவோட கடை ஃபிரெண்ட்ஸுக்கு. கடைசி ஐம்பது ரொம்ப அழகு, அதுல ஒண்ணு உங்களுக்கு இதுல வெச்சிருக்கேன்.

அன்னைக்கு எனக்குப் பதிமூணு வயசு. ஜன்னல் வழியா நீங்க திரும்பிப் போறதைப் பார்த்தேன். கூப்பிட்டேன். பேண்டு சத்தத்துல கேட்கல. இப்போ கூப்பிடறேன்.

உங்கள்
கனி


கரோல் பாக்
22.1.2025

மாப்பிள்ளைக்கு,

குளிருக்கு இந்திராணி எனக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கிறாள், மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது, மற்றபடி சுகம். நீ ஒரு மாதமாக எழுதவில்லை. போனில் அக்கா கேட்டால், "பாப்போம்க்கா" என்கிறாயாம். பனி ஆரம்பித்துவிட்டது. காலையில் எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருமா, நீ அதற்குள் கிளம்பிவிடுவாயா, கிளம்பவே மாட்டாயா, எதுவும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் பாகம் என்னிடம் இல்லை. எடைக்கு வாங்கியதில் பதினொன்றுதான் இருந்தது; பன்னிரண்டோடு முடியும் என்று நானாக நினைத்து எழுதிவிட்டேன். டெல்லி முழுக்கத் தேடிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் முட்டிபோட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. நாற்பது வருடமாகக் கடையில் கெட்ட சரக்கு விற்றதில்லை. இல்லாத சரக்கை உனக்குத்தான் விற்றேன். மனசு உறுத்துகிறது.

இதற்காக நீ வராமல் போனாலும் நியாயம்தான். ஆனால் தை பத்தொன்பது காலையிலிருந்து நான் கூடத்து வாசலில் இருப்பேன். காத்திருக்கிறேன்.

அத்தான்
ராஜசேகரன்


கரோல் பாக்
18.2.2025

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். புது மாப்பிள்ளைக்கு மட்டும் விருந்து சாப்பிட்டு வயிறு சரியில்லை. உன் சர்க்கரை இங்கே தின்ற லட்டுக்கு என்ன சொல்கிறது?

நீ ஊர் போய்ச் சேர்ந்து போட்ட அட்டை கிடைத்தது. ஒரே வரி: 'வாசலில் நின்றது எப்படி இருந்தது, அத்தான்?' இப்போதுதான் தினமும் போனில் பேசுகிறோமே, அதிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீ எழுதிக் கேட்டது சரிதான். நமக்குச் சில விஷயம் எழுத்தில்தான் வருகிறது.

சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் பன்னிரண்டுக்கு, பனிக்குள்ளிருந்து நீ பெட்டியோடு நடந்து வந்தாய். நான் கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தேன். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாய். படித்தேன். 'அத்தான் கையில் சீர்த்தட்டோடு கூடத்தின் முன்வாசலில் நாற்பது நிமிடம் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. யார் லட்டு கேட்டாலும் கொடுக்க வேண்டும். உள்ளே எல்லோரும் சாப்பிடுவார்கள்.' கீழே உன் அக்காவின் கையெழுத்து. அதற்கும் கீழே 'ராஜசேகரன் பேப்பர் ஸ்டோர்ஸ், கரோல் பாக்' என்று என் கடை முத்திரை. என் முத்திரையைத் திருடி எனக்கே தண்டனை கொடுத்திருக்கிறாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

முதல் பத்து நிமிடம் சிரிப்பாகத்தான் இருந்தது. பந்தல்காரன் வந்து, "சேட்ஜி, ஆப் யஹான் க்யோன் கடே ஹோ?" என்று ஏன் நிற்கிறேன் எனக் கேட்டான். லட்டைக் கொடுத்து அனுப்பினேன். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைச் சமையல் ஆள் என்று நினைத்து, "வெந்நீர் கிடைக்குமாப்பா?" என்றார். விஸ்வநாதன் வந்து விவரம் கேட்டார். "அன்னைக்கு மாலை போட்டது நானாச்சே, எனக்கும் தண்டனை உண்டா?" என்றார். "உங்களுக்கு லட்டு கிடையாது, அதான் தண்டனை" என்றேன். ரொம்ப வாடிப்போனார்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் கை வலித்தது. தட்டு மூன்று கிலோ இருக்கும். நாற்பது வருடம் எடை போட்டவன் நான், நின்றுகொண்டே இருந்தால் ஒரு பொருளுக்கு எடை ஏறும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எல்லோரும் இருக்கிறார்கள், நான் இங்கே நிற்பது ஒருவருக்கும் தெரியவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது பார், அப்போதுதான் உன் நாற்பது நிமிடம் எனக்குப் புரிந்தது. நான் நாற்பது நிமிடம் என்று அளவு தெரிந்து நிற்கிறவன். நீ ஒன்றும் தெரியாமல் நின்றவன்.

இருபத்திரண்டாவது நிமிடம் நீ வெளியே வந்தாய். "போதும் அத்தான், உள்ள வாங்க" என்றாய். பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் உன் குரல். ஆனாலும் வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு, மாப்ளே. அளவுல குறைக்காத" என்றேன்.

நீ தலையில் அடித்துக்கொண்டு வந்து தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாய்.

அந்தப் பதினெட்டு நிமிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், அதுதான் கல்யாணம், மாப்பிள்ளை. மகோபெயைக் கென்ஜிரோ வெட்டுவானா மாட்டானா என்று வாசலில் நின்று சண்டை போட்டோம். அப்போதுதான் சொன்னாய்: "பன்னெண்டாம் பாகம் கிடையாதுன்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும் அத்தான். பதினொண்ணோட கடைசிப் பக்கத்துல, கதை இத்தோட நின்னுபோச்சுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். பிரஸ்காரன் முதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் பாப்பான்." "அப்ப எதுக்குடா வந்தே?" என்றேன். "இல்லாத சரக்குக்கு இவ்வளவு பாடுபட்டு விளம்பரம் பண்றீங்களே, பாவமா இருந்துச்சு" என்றாய்.

மறுநாள் மேடையில் நீ பெட்டியைத் திறந்து அந்தப் பழைய ஏலக்காய் மாலையை எடுத்ததை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பச்சை போய் வைக்கோல் நிறமாகியிருந்தது. பத்திரிகைக் கட்டில் ஏலக்காய் வாசம் எப்படி வந்தது என்று அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. புது ரோஜா மாலையைப் போட்டுவிட்டு, அதன்மேல் இதையும் போட்டாய். குழந்தைக்குக் கட்டிய மாலை அல்லவா, கனிக்கு இப்போது நெஞ்சு வரைதான் வந்தது. அவள் குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வாசம் பிடித்தார்கள். நீ உன் அப்பாவிடம் சொன்னபடியே நடந்தது.

ஆகவே இனிமேல் அந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளாதே. மாமனாரிடம் நீ பொய் சொல்லவில்லை. மாலை போட்டாயிற்று. கொஞ்சம் லேட், அவ்வளவுதான். தை மாதத்துப் பனியில் டெல்லிக்கு எந்த ரயில் நேரத்துக்கு வந்திருக்கிறது?

உன் அத்தான்
ராஜசேகரன்